128 எம்பி கேஷ், எட்டு வாளி: மொரீஷியஸ் பெயர்ப் பொருத்தப் பணி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மொரீஷியஸின் எபேன் பகுதியில் இயங்கும் ஒரு சிறு மென்பொருள் குழுவில் 2023 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரை நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். குழுவில் நாங்கள் நால்வர். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவன். இன்னொருவர் மதுரையிலிருந்து வந்த இளைஞர். மூன்றாமவர் ரோஸ் ஹில்லில் பிறந்து வளர்ந்த மொரீஷியஸ் தமிழ்ப் பெண். வீட்டில் கிரியோல் பேசினாலும் பள்ளியில் தமிழ் படித்தவர், மதுரைத் தம்பிக்கு அவர் 'அக்கா'. நான்காமவர் சர்வர்களைக் கவனித்துக்கொள்பவர்.

எங்கள் வேலை, காப்பீட்டு நிறுவனங்களின் வாடிக்கையாளர் பட்டியல்களில் ஒரே ஆள் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கிறாரா என்று கண்டுபிடிப்பது. வெளியூர்க்காரருக்கு இது சின்ன வேலையாகத் தோன்றலாம். இந்தத் தீவுக்குப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே தமிழ்க் கைவினைஞர்கள் வந்தார்கள். 1834க்குப் பிறகு ஒப்பந்தத் தொழிலாளர்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். பதிவேட்டில் எழுதிய எழுத்தருக்குக் காதில் என்ன விழுந்ததோ அதுவே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. ஆறுமுகம் 'ஆர்மூகம்' ஆனார், அருணாசலம் 'அர்னாசலோன்' ஆனார், முத்துசாமி 'மூத்தூசாமி' ஆனார். சின்னப்பன் வழி வந்த ஒரு குடும்பத்தின் பெயர் 'எஸ்' எழுத்தில் தொடங்கும், இன்னொன்றின் பெயர் 'சிஎச்' எழுத்தில் தொடங்கும். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு கூட்டல், தம்பிக்கு ஒரு கூட்டல் என்பதும் உண்டு. அடையாள அட்டை எண் சரியாகப் பதிவாகியிருந்தால் பிரச்சினையே இல்லை. பழைய பாலிசிகள் பலவற்றில் அது விடுபட்டிருக்கும், அல்லது ஒரு எழுத்து தவறியிருக்கும். அப்போது பெயரை வைத்துத்தான் தேட வேண்டும்.

இதற்காக நாங்கள் எழுதிய புரோகிராம் ஒவ்வொரு இரவும் பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிடும். ஒலிவிதிகளையும் எழுத்துத் துண்டுகளையும் சேர்த்துக் கட்டிய ஒரு பெரிய இண்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) ரேமில் இருக்கும். எல்லா த்ரெட்களும் (புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் இணையாக ஓடும் வேலைகள்) அதை வாசிக்கும், யாரும் அதில் எழுத மாட்டார்கள்.

பழைய சர்வரில் இருந்தது 8 கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) கொண்ட இன்டெல் ஜியான் இ5-2640 வி3 ப்ராசஸர். அதன் எல்3 கேஷ், அதாவது ரேமுக்குப் போகாமலே எடுக்க ப்ராசஸருக்குள் இருக்கும் வேகமான சிறு நினைவகம், 20 எம்பி, எட்டு கோருக்கும் பொது. அப்போது எங்கள் இண்டெக்ஸ் 14 எம்பி. முழு ஒப்பீட்டுக்கு 6 மணி 20 நிமிடம் ஆகும். இரவு பத்துக்குத் தொடங்கினால் விடியுமுன் முடியும். பட்டியல்கள் வளர வளர அது போதாமல் போனது.

அக்டோபர்: புதிய சர்வரும் எங்கள் கணக்கும்

புதிதாக வந்ததில் ஏஎம்டி எபிக் 7452. 32 கோர், 128 எம்பி எல்3. விவரத்தாளில் அந்த 128 என்ற எண்ணைப் பார்த்ததுமே ஒரு முடிவெடுத்தோம். ஒவ்வொரு பெயருக்கும் வரக்கூடிய கூட்டல் மாற்றங்களை ஓடும்போது கணக்கிடுவதற்குப் பதில், முன்கூட்டியே கணக்கிட்டு இண்டெக்ஸிலேயே வைத்துவிடலாம் என்று. அதனால் இண்டெக்ஸ் 58 எம்பி ஆனது. '128க்குள் 58 தாராளமாக அடங்கும்' என்று கூட்டத்தில் சொன்னது நான்தான். அந்த வாக்கியத்தில் இருந்த பிழையைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது.

கோர் நான்கு மடங்கு, கணக்கும் குறைவு. ஒன்றரை மணி நேரத்தில் முடியும் என்று எதிர்பார்த்தோம். நவம்பர் முதல் வார ஓட்டம் 4 மணி 50 நிமிடம் எடுத்தது.

முதல் முடிவு: ரேம் வாங்கியது

இந்த ப்ராசஸருக்கு ரேம் தடங்கள் எட்டு. எங்கள் சர்வரில் நான்கில்தான் ரேம் செருகியிருந்தது. கண்ணுக்குத் தெரிந்த குறை அதுதான் என்பதால் பழியை அதன்மேல் போட்டோம். மேலும் நான்கு ரேம் வாங்கினோம். தீவுக்கு எதுவும் கடல் தாண்டியோ வான் வழியாகவோதான் வர வேண்டும். டிசம்பர் நடுவில்தான் கைக்கு வந்தது. செருகி ஓட்டினால் 4 மணி 25 நிமிடம். 25 நிமிடம் மிச்சம், அவ்வளவுதான்.

அந்த வாங்கல் முழு வீண் இல்லை, தடங்கள் நிறைந்திருப்பது நல்லதே. ஆனால் எதையும் அளந்து பார்க்காமல் காசு செலவழித்தோம். கோர்கள் எதற்காகக் காத்திருக்கின்றன என்று ஒரு மணி நேரம் பார்த்திருந்தாலே, இது ரேமின் அகலம் பற்றிய பிரச்சினை இல்லை என்று தெரிந்திருக்கும். ஆண்டு முடிவு வேலைகள் நெருக்கியதால் அத்துடன் அப்படியே விட்டுவிட்டோம்.

ஜனவரி 15: வெள்ளம்

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தது. போர்ட் லூயிஸ் தெருக்களில் தண்ணீர் பெருகி, கார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அடுத்த நாளிலிருந்தே இழப்பீட்டுக் கோரிக்கைகள் குவிந்தன.

எங்களுக்கு அது வெறும் சுமைக் கூடுதல் இல்லை. பாலிசியில் ஒரு கூட்டல், அடையாள அட்டையில் வேறு கூட்டல் என்றிருப்பவரின் கோரிக்கை, பொருத்தம் கிடைக்கும் வரை நகராது. வண்டிதான் பிழைப்பு என்றிருக்கும் மனிதருக்கு அது ஒவ்வொரு நாளும் இழப்பு. காப்பீட்டு நிறுவனங்கள் இரவில் ஒருமுறை போதாது, பகலிலும் ஒருமுறை முழு ஒப்பீடு வேண்டும் என்று கேட்டன. 4 மணி 25 நிமிடத்தை வைத்துக்கொண்டு அதற்குச் சரி என்று சொல்ல முடியவில்லை.

ஜனவரி 17: கவனித்தவை

புதன்கிழமை, மதுரைத் தம்பி த்ரெட் எண்ணிக்கையை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார். முழுப் பட்டியலுக்கு என்று கணக்கிட்டால், 8 த்ரெட்டில் 5 மணி 10 நிமிடம், 16இல் 3 மணி 55 நிமிடம், 32இல் 4 மணி 25 நிமிடம், 64இல் 5 மணி 5 நிமிடம்.

"அண்ணா, ஆளைக் கூட்டினா வேலை மெதுவாகுது. இது ரேம் பிரச்சினை மாதிரி தெரியலை, ஆளுக்கு ஆள் இடிச்சுக்கிற மாதிரி தெரியுது" என்றார்.

அவர் சொன்னது சரி. வேலை செய்பவர்களைக் கூட்டும்போது ஓரளவுக்கு மேல் பயன் குறைவது இயல்பு. கூட்டியதால் நேரமே அதிகமாகிறது என்றால் அவர்கள் ஏதோ ஒன்றைப் பிடித்து இழுக்கிறார்கள் என்று பொருள்.

பிடித்து இழுப்பது என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ப்ராசஸர் ரேமிலிருந்து பைட் பைட்டாக எடுப்பதில்லை. 64 பைட் கொண்ட ஒரு துண்டாக எடுக்கிறது. அதற்குக் கேஷ் லைன் என்று பெயர். ஒவ்வொரு கோருக்கும் தனக்கென எல்1, எல்2 கேஷ்கள் உண்டு. ஒரே லைனின் நகலைப் பல கோர்கள் ஒரே நேரத்தில் வைத்திருக்கலாம், வாசிக்க மட்டும் என்றால் தகராறு இல்லை. ஒரு கோர் அதில் எழுத வேண்டுமென்றால் மற்ற எல்லோரிடமும் உள்ள நகல் செல்லாததாக்கப்பட வேண்டும். அப்புறம் இன்னொரு கோர் அதே லைனில் எழுத வந்தால், லைன் முதல் கோரிடமிருந்து அதனிடம் போக வேண்டும். இந்த ஒழுங்குமுறையை இன்டெல் மெசிஃப் என்ற வகையிலும் ஏஎம்டி மொயெசி என்ற வகையிலும் செய்கின்றன, அடிப்படை ஒன்றுதான். இதில் முக்கியமானது, சரிபார்ப்பு லைன் அளவில் நடக்கிறது, மாறி (நிரல் ஒரு மதிப்பை வைக்கும் இடம்) அளவில் இல்லை. இரண்டு கோர்கள் வெவ்வேறு மாறிகளில்தான் எழுதுகின்றன, ஆனால் இரண்டு மாறியும் ஒரே 64 பைட்டுக்குள் இருக்கின்றன என்றால், வன்பொருளுக்கு அது ஒரே இடத்துக்கான சண்டைதான். இதை ஃபால்ஸ் ஷேரிங் என்பார்கள்.

ஜனவரி 18 முதல் 22 வரை: பழைய சர்வரில் கிடைத்த தடயம்

எந்த லைனுக்காகச் சண்டை என்று காட்ட லினக்ஸில் 'பெர்ஃப் சி2சி' என்ற கருவி உண்டு. புதிய சர்வரில் இருந்த கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிப்பில் அது இந்த ப்ராசஸருக்கு வேலை செய்யவில்லை. அன்றாட வேலை ஓடும் உற்பத்திச் சர்வரில் அவசரமாகக் கெர்னலை மாற்றுவதற்கு எங்கள் சர்வர் நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் பக்கம் நியாயம் இருந்தது. பழைய இன்டெல் சர்வர் அலமாரியில் இன்னும் கிடந்தது. அதை எடுத்துச் செருகி, அதே புரோகிராமை 8 த்ரெட்டில் ஓட்டினோம்.

பத்து நிமிடத்தில் விடை. மற்றொரு கோர் மாற்றி வைத்திருக்கும் லைனைத் தேடிப்போன நிகழ்வுகளில் மிகப் பெரும்பான்மை ஒரே ஒரு முகவரியைச் சுற்றி இருந்தது. அது எங்கள் எண்ணிப் பட்டியல்.

ஒவ்வொரு த்ரெட்டும் எத்தனை ஒப்பீடு முடித்தது என்று ஒரு எண்ணியை உயர்த்திக்கொண்டே போகும். திரையில் 'இத்தனை சதவீதம் முடிந்தது' என்று காட்டுவதற்காக வைத்தது. எண்ணி ஒன்றுக்கு 8 பைட், த்ரெட் வாரியாக அடுத்தடுத்து. 8 த்ரெட் என்றால் 64 பைட், அதாவது சரியாக ஒரு லைன். 32 த்ரெட் என்றால் 256 பைட், நான்கு லைன். யாரும் யாருடைய எண்ணியையும் தொடுவதில்லை என்பதால் அது பாதுகாப்பானது என்று நினைத்திருந்தோம். விடை தவறாது என்ற அளவில் அது பாதுகாப்பானதுதான். ஒவ்வொரு ஒப்பீட்டிலும் எட்டு கோர்கள் ஒரு லைனைப் பறித்துக்கொண்டிருந்தன என்பதுதான் நாங்கள் பார்க்காதது.

பழைய சர்வரிலும் இந்தப் பிழை இருந்தது. அங்கே எட்டு கோருக்கும் எல்3 ஒன்று, லைன் கைமாறும் தூரம் குறைவு, அதனால் வலி தெரியவில்லை. புதியதில் ஏன் அவ்வளவு வலித்தது என்ற கேள்விக்குத்தான் அடுத்த இரண்டு நாட்கள் போயின.

திங்கள்கிழமை திருத்தினோம். எண்ணி த்ரெட்டின் உள்ளே சாதாரண மாறியாக இருக்கும். 10,000 ஒப்பீட்டுக்கு ஒருமுறை மட்டும் வெளியே எழுதும். வெளியே எழுதும் இடமும் த்ரெட்டுக்கு 128 பைட் இடைவெளியில். 64 போதுமே என்று தம்பி கேட்டார். இன்டெல் ப்ராசஸர்களில் பக்கத்து லைனையும் முன்கூட்டியே சேர்த்து இழுத்துவரும் ஏற்பாடு ஒன்று உண்டு. பழைய சர்வரிலும் ஓட வேண்டுமென்பதால் இரட்டிப்பாக விட்டோம்.

32 த்ரெட்டில் 2 மணி 50 நிமிடம். 16இல் 3 மணி 30 நிமிடம். ஆளைக் கூட்டினால் வேலை குறைந்தது, ஒழுங்கு திரும்பியது. ஆனால் எதிர்பார்த்த ஒன்றரை மணி இன்னும் தொலைவில் இருந்தது.

ஜனவரி 23, 24: 128 என்பது என்ன

இப்போதுதான் ப்ராசஸரின் அமைப்பையே பார்க்க உட்கார்ந்தோம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. ப்ராசஸர் விவரம் காட்டும் 'எல்எஸ்சிபியு' கட்டளையைக் கொடுத்தால் எல்3 வரியில் 128 எம்பி, 8 என்று இருக்கிறது. எட்டு தனித்தனி எல்3. கெர்னலின் கேஷ் கோப்புறையில் முதல் கோருக்கான எல்3 பகிர்வுப் பட்டியலைத் திறந்தால் 0 முதல் 3 வரை, அதே கோர்களின் இரண்டாவது த்ரெட்களான 32 முதல் 35 வரை. வேறு யாரும் இல்லை.

2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு இப்படித்தான். நான்கு கோர் ஒரு குழு, குழுவுக்கு 16 எம்பி எல்3. இரண்டு குழு ஒரு சிலிக்கான் துண்டில். எங்கள் ப்ராசஸரில் அப்படி நான்கு துண்டுகள், நடுவில் எல்லாவற்றையும் இணைக்கும் தனித்துண்டு ஒன்று. ஒரு குழுவிலிருந்து மறு குழுவுக்கு லைன் போக வேண்டுமென்றால், இரண்டும் ஒரே சிலிக்கானில் பக்கத்தில் இருந்தாலும், நடுத்துண்டு வழியாகத்தான் போக வேண்டும். எண்ணிச் சண்டை ஏன் அவ்வளவு வலித்தது என்பதற்கு இதுவே விடை. ஒரு லைனில் எட்டு த்ரெட்டின் எண்ணிகள். கோருக்கு ஒரு த்ரெட் வீதம் ஓடினால், எட்டு த்ரெட்டுக்குக் குறைந்தது இரண்டு குழு. லைன் ஒவ்வொரு முறையும் நடுத்துண்டு வழியே போய்வந்துகொண்டிருந்தது.

விவரத்தாள் பொய் சொல்லவில்லை. 128 எம்பி இருக்கிறது. அது ஒரே பாத்திரம் என்று எழுதியிருப்பதாக நாங்களாகவே வாசித்துக்கொண்டோம்.

இதைச் சோதித்து உறுதிப்படுத்தினோம். ஒரு அட்டவணையில் குருட்டாம்போக்கில் தாவித் தாவி வாசிக்கும் சிறு நிரல் எழுதி, அட்டவணையின் அளவை 4 எம்பியிலிருந்து 58 எம்பி வரை உயர்த்தினோம். நினைவக முகவரியைத் தேடும் நேரம் இதில் கலந்து குழப்பாமல் இருக்க, நினைவகத்தை 2 எம்பி கொண்ட பெரிய துண்டுகளாக எடுத்துக்கொண்டோம். ஒரு கோரை மட்டும் ஓட்டினால் 14, 16 எம்பி வரை நேரம் சமமாகப் போய், அதற்கு மேல் ஏறத் தொடங்கியது. 32 கோரையும் ஒரே அட்டவணையில் ஓட்டினாலும் ஏற்றம் அதே இடத்தில்தான் தொடங்கியது. இதுதான் எங்களுக்குக் கண் திறந்த அளவீடு. எட்டு எல்3 சேர்ந்து 128 எம்பிக்கு வேலை செய்திருந்தால் ஏற்றம் 58 வரை வந்திருக்கவே கூடாது. நடந்தது வேறு. எல்லாக் குழுக்களும் ஒரே இண்டெக்ஸை வாசித்ததால், ஒவ்வொரு குழுவின் எல்3யும் அதே லைன்களின் நகல்களை வைத்திருந்தது. எட்டு நகல் வைத்து நிரப்பினால் 128 எம்பியின் பயன் 16 எம்பிதான். 58 எம்பி இண்டெக்ஸில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் ஒரு குழுவின் கேஷில் ஒரு நேரத்தில் இருக்கும். மீதிக்கு ரேமுக்குப் போக வேண்டும். எல்3யில் கிடைத்தால் ப்ராசஸரின் ஏறக்குறைய 40 கடிகாரச் சுழற்சி, ரேமுக்குப் போனால் அதைப் போலப் பல மடங்கு.

பழைய சர்வரில் 14 எம்பி இண்டெக்ஸ் 20 எம்பிக்குள் இருந்தது. புதிய சர்வருக்கு வந்ததும் நாங்கள் இண்டெக்ஸைப் பெரிதாக்கினோம், கோர் ஒன்று அணுகக்கூடிய எல்3யோ 20இலிருந்து 16ஆகக் குறைந்திருந்தது.

அக்காவுக்கு அது காவடி விரதத்தின் கடைசி நாட்கள். மறுநாள் தைப்பூசம், இங்கே பொது விடுமுறை. மாலை கோயிலுக்குக் கிளம்பும்போது பலகையைப் பார்த்து அவர் சொன்னது: "எங்க கோயில்ல ஏழு கறி பரிமாறுவோம். எட்டு வரிசைக்கு எட்டு வாளி. நாம எட்டு வாளியிலயும் ஏழு கறியையும் கொஞ்சம் கொஞ்சம் ஊத்தி வச்சிருக்கோம், அதான் அடிக்கடி சமையற்கட்டுக்கு ஓடுறோம்."

தம்பி உடனே கேட்டார்: "அப்ப வாளிக்கு ஒரு கறின்னு வச்சு, ஆளை அந்தந்த வாளிக்கு அனுப்பினா என்னக்கா?"

பந்தியில் அது நடக்காது. இண்டெக்ஸில் நடக்கும்.

முடிவுகளும் காரணங்களும்

வெள்ளிக்கிழமை திரும்பியதும் மூன்று வழிகளை எடைபோட்டோம்.

இண்டெக்ஸை மறுபடி 14 எம்பிக்குச் சுருக்குவது எளிது. ஆனால் முன்கணக்கிட்ட கூட்டல்கள் போய்விடும். அவை வந்த பிறகு பழைய இண்டெக்ஸுக்குத் தெரியாத பொருத்தங்கள் கிடைத்திருந்தன. வேகத்துக்காக அந்த மனிதர்களை விட்டுவிட மனம் வரவில்லை.

எல்3யைப் பங்கு பிரித்துக் கொடுக்கும் வசதி லினக்ஸில் 'ரிசோர்ஸ் கண்ட்ரோல்' வழியாக உண்டு, இந்த ப்ராசஸரும் அதை ஏற்கும். ஆனால் அது ஒரு குழுவின் 16 எம்பியை அதற்குள் இருப்பவர்களுக்குப் பிரிக்கத்தான் உதவும். எட்டு எல்3யை ஒன்றாக்காது.

மூன்றாவது, இண்டெக்ஸையே பிரிப்பது. இதுவரை வாடிக்கையாளர் பட்டியலைத் த்ரெட்களுக்குப் பிரித்துக் கொடுத்தோம். எல்லாத் த்ரெட்டும் முழு இண்டெக்ஸையும் தொட்டது. இனி பெயரின் முதல் எழுத்தை வைத்து இண்டெக்ஸை 7 பங்காக்கி, பங்குக்கு ஒரு குழு. ஒரு பங்கு 8 எம்பி சொச்சம், 16க்குள் அடங்கி, த்ரெட்களின் சொந்தத் தரவுக்கும் இடம் இருக்கும். பெயரைத்தான் குழுவுக்கு அனுப்புவோம், இண்டெக்ஸ் நகராது. எட்டாவது குழுவைப் பகலில் காப்பீட்டு நிறுவனங்களின் கிளைகள் கேட்கும் தேடலுக்கும் தரவுத்தளத்துக்கும் விட்டுவிடுவோம். ஒரே எல்3யில் தரவுத்தளமும் ஒப்பீடும் இருந்தால் ஒன்று மற்றொன்றின் லைன்களைத் தள்ளிவிடும். கிளையில் நிற்கும் ஆளுக்குத்தான் அந்தத் தாமதம் தெரியும். இதைத் தேர்ந்தெடுத்தோம். த்ரெட்கள் குழு மாறாமல் இருக்க அவற்றைக் கோர்களோடு கட்டினோம்.

தொடர்ந்து நடந்தவை

ஜனவரி 30 இரவு முதல் ஓட்டம். 1 மணி 35 நிமிடம். அலுவலகத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மறுநாள் காலை அக்கா விடைகளை முந்தைய ஓட்டத்தோடு ஒப்பிட்டார். 212 பொருத்தங்கள் குறைந்திருந்தன.

காரணம் தேட அதிக நேரம் ஆகவில்லை. 'எஸ்' எழுத்தில் தொடங்கும் சின்னப்பன் ஒரு குழுவுக்கும் 'சிஎச்' எழுத்தில் தொடங்கும் சின்னப்பன் வேறொரு குழுவுக்கும் போயிருந்தார்கள். இருவரும் சந்திக்கவே இல்லை. எந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காக எங்கள் புரோகிராம் இருக்கிறதோ, அதே குழப்பத்தை வைத்துப் பங்கு பிரித்திருந்தோம். அந்த 212இல் ஒன்று, வெள்ளத்தில் வண்டியை இழந்த ஒரு முதியவருடைய கோரிக்கை. பாலிசியில் ஒரு கூட்டல், அட்டையில் மற்றது. அக்கா பார்த்திருக்காவிட்டால் வேக ஏற்றத்துக்கான விலையை அவர் கொடுத்திருப்பார். இந்த ஆய்வில் எனக்கு இன்றும் உறுத்துவது இந்த ஒரு நாள்தான்.

திருத்தம் இரண்டு பகுதி. பங்கு பிரிப்பது எழுத்தை வைத்து இல்லாமல், ஒலிவிதிகளை ஓட்டிய பின் வரும் ஒலியை வைத்து. அப்படியும் இரண்டு ஒலிக்கும் வாய்ப்புள்ள பெயரை இரண்டு குழுவுக்கும் அனுப்புவது, கிடைத்த இரட்டை விடைகளைக் கடைசியில் களைவது. பிப்ரவரி 2 ஓட்டத்தில் விடைகள் பழையவற்றோடு ஒன்று விடாமல் பொருந்தின.

அடுத்த சிக்கல் சமநிலை. இந்தத் தீவின் பெயர்களில் 'ராம்', 'சூ', 'மூ' என்று தொடங்குபவை அதிகம். அந்த ஒலிகள் விழுந்த குழு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும்போது மற்றவை 50 நிமிடத்தில் முடித்துச் சும்மா இருந்தன. முந்தைய இரவின் ஒப்பீட்டு எண்ணிக்கையை எடையாக வைத்து எல்லைகளை மாற்றினோம். சும்மா இருக்கும் த்ரெட் அடுத்தவர் வேலையை எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் குழுவுக்குள் மட்டும் அனுமதித்தோம். குழு தாண்டி எடுக்கவிட்டால் அடுத்த பங்கின் இண்டெக்ஸ் இந்த எல்3க்குள் வரத் தொடங்கி, மறுபடி பழைய நிலைக்கே போவோம்; ஒருநாள் முயன்றும் பார்த்தோம், நேரம் கூடியது.

பிப்ரவரி நடுவில் முழு ஒப்பீடு 1 மணி 12 நிமிடத்தில் நிலைத்தது, 28 கோரில். இரவு ஒன்று, நண்பகல் ஒன்று என்று ஓட்டத் தொடங்கினோம். நின்றிருந்த அந்த முதியவரின் கோரிக்கைக்கான பொருத்தம் சரியாகக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று மார்ச்சில் உறுதி செய்துகொண்டோம்.

இனி மாற்றிச் செய்வது

சர்வர் வாங்கும் படிவத்தில் 'எல்3 மொத்தம்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, 'ஒரு கோர் எட்டக்கூடிய எல்3' என்றும் 'அதை எத்தனை கோர் பகிர்கின்றன' என்றும் இரண்டு கட்டம் வைத்திருக்கிறோம். ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த தலைமுறையிலேயே இது மாறுகிறது. 2020இல் வந்த ஜென் 3இல் எட்டு கோர் சேர்ந்து 32 எம்பியைப் பகிர்கின்றன. இன்டெல்லின் 2017 சர்வர் வரிசையில் கோருக்குச் சொந்தமான எல்2 1 எம்பியாகப் பெருகி, பொதுவான எல்3யில் கோருக்கான பங்கு 2.5 எம்பியிலிருந்து 1.375 எம்பியாகக் குறைந்தது. அதனால் நான்கு, 16 என்ற எண்களை நிரலில் எழுதி வைக்கவில்லை. புரோகிராம் தொடங்கும்போதே கெர்னலின் பகிர்வுப் பட்டியலை வாசித்துக் குழுக்களைத் தானே அமைத்துக்கொள்கிறது.

த்ரெட் எண்ணிக்கையை மாற்றி ஓட்டிப் பார்ப்பது இப்போது எந்தச் செலவுக்கும் முந்திய படி. ரேம் வாங்கும் முன் அதைச் செய்திருந்தால் டிசம்பர் மாதம் மிஞ்சியிருக்கும், வெள்ளம் வந்தபோது தயாராக இருந்திருப்போம்.

பல த்ரெட் எழுதும் எந்த மாறியும் நினைவகத்தில் எங்கே உட்காருகிறது என்று நிரல் பார்வையிடும்போது கேட்கிறோம். திரையில் ஒரு சதவீதம் காட்டத்தான் ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவழித்துக்கொண்டிருந்தோம்.

வேக மாற்றம் எதுவானாலும் விடைப் பட்டியலை முந்தையதோடு வரிக்கு வரி ஒப்பிட்ட பிறகுதான் உற்பத்திக்குப் போகும். இதற்குப் பொறுப்பு அக்கா. அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது.

பழைய இன்டெல் சர்வரைத் தூக்கிப் போடவில்லை. அலமாரியின் அடித்தட்டில், மின்சாரம் செருகியே இருக்கிறது.